லிட்டோரினா சாக்சாட்டிலிஸ்: ஒரே நத்தைக்கு நூற்றுக்கும் மேற்பட்ட பெயர்கள் வந்தது எப்படி?

நெய்தல்நிலா எழுதியது:

வட அட்லாண்டிக் பெருங்கடலின் பாறைக் கரைகளில் வாழும் லிட்டோரினா சாக்சாட்டிலிஸ் என்னும் சிறு கடல் நத்தையைப் பற்றி விரிவாகப் பேசுவதற்காக இந்த இழையைத் தொடங்குகிறேன். கடல்வாழ் உயிரினங்களின் உலகப் பதிவேடு 2015-இல் தன் பட்டியலைச் சரிபார்த்தபோது, அதுவரை கடலுயிர்களுக்குச் சூட்டப்பட்டிருந்த ஏறத்தாழ 4,19,000 பெயர்களில் ஏறத்தாழ 1,90,000 பெயர்கள் ஏற்கெனவே பெயர் பெற்ற உயிர்களுக்கே மீண்டும் வைக்கப்பட்டவை என்று தெரியவந்தது. அவ்வாறு மிகுதியான பெயர்களைச் சுமந்த உயிராக அப்போது சுட்டப்பட்டது இந்த நத்தைதான். அதற்கு 113 பெயர்கள் இருந்தன.

இரண்டு சென்டிமீட்டரைக்கூடப் பெரும்பாலும் எட்டாத, கரையில் இறங்கினாலே கண்ணில் படக்கூடிய, அரிதென்று எவரும் சொல்ல முடியாத ஒரு நத்தைக்கு இந்த நிலை ஏன் வந்தது? நத்தை ஓடுகளைப் பற்றிய பழைய நூல்களில் லிட்டோரினா ரூடிஸ், லிட்டோரினா டெனிப்ரோசா, லிட்டோரினா நெக்லெக்டா என்று தனித்தனிச் சிற்றினங்களாகக் காணப்படுபவை எல்லாம் இன்று ஒரே பெயருக்குள் அடங்கிவிட்டன. அப்படி அடக்கியது சரிதானா, அதற்கு உயிரியல் தரும் ஆதாரம் என்ன என்பதை அறிய விரும்புகிறேன்.

ஓட்டுச்சுருள் எழுதியது:

பெயர்களின் வரலாற்றிலிருந்து தொடங்குவது நல்லது, ஏனென்றால் சிக்கலின் வேர் அங்கேயே இருக்கிறது.

இந்த நத்தைக்கு முதலில் பெயரிட்டவர் ஜுசெப்பே ஒலிவி என்னும் இத்தாலிய இயற்கையியலாளர். ஏட்ரியாட்டிக் கடலின் உயிர்களைப் பற்றி 1792-இல் அவர் வெளியிட்ட நூலில் டர்போ சாக்சாட்டிலிஸ் என்ற பெயரில் இதை விவரித்தார். அப்போது அவருக்கு வயது இருபத்து மூன்றுதான். மூன்று ஆண்டுகளில் அவர் மறைந்தும் போனார். அவர் கண்ட நத்தைகள் வெனிஸ் உப்பங்கழியைச் சேர்ந்தவை. பிரித்தானிய இயற்கையியலாளர்கள் தங்கள் கரைகளில் கண்ட அதே நத்தையை வேறொன்றாகவே எடுத்துக்கொண்டனர். 1797-இல் மேட்டன் அதற்கு டர்போ ரூடிஸ் என்று பெயரிட்டார். 1803-இல் மோண்டேகு, வரிமேடுகள் மிக்க ஓடுடையதை ஜுகோசஸ் என்றும், உவர்நீர்க் கழிகளில் வாழும் கருமையான மெல்லோட்டு வடிவத்தை டெனிப்ரோசஸ் என்றும் பிரித்தார். 1844-இல் பீன், கொட்டலசுகள் என்னும், பாறையில் ஒட்டி வாழும் சிற்றுயிர்களின் வெற்றுக் கூடுகளுக்குள் வாழும் சில மில்லிமீட்டர் அளவேயான வடிவத்துக்கு நெக்லெக்டா என்று பெயர் வைத்தார்.

இவர்கள் எவரையும் கவனக்குறைவானவர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர்கள் கையில் இருந்தது ஓடு மட்டுமே. மெல்லுடலிகளைப் பொறுத்தவரை ஓட்டின் வடிவம், நிறம், வரிமேடு, வாயின் அகலம் ஆகியவற்றை வைத்துச் சிற்றினத்தைப் பிரிப்பது பெரும்பாலும் பயன் தரும் முறைதான். இந்த ஒரு நத்தையில் அம்முறை தோற்றுப்போகிறது. வெள்ளை, மஞ்சள், செம்மஞ்சள், பழுப்பு, கருமை, பட்டை போட்டது, கட்டம் போட்டது என எல்லா நிறமும் இதில் உண்டு. மழமழப்பான ஓடும் உண்டு, ஆழ்ந்த மேடும் பள்ளமும் கொண்ட ஓடும் உண்டு. சில பத்து மீட்டர் நடந்தால் வடிவமே மாறிவிடுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஓடு சேகரித்தவர்கள் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு பெயர் கொடுத்துக்கொண்டே போனதில் வியப்பில்லை.

முறையான திருத்தம் 1970-களில்தான் வலுப்பெற்றது. 1975-இல் ஹெல்லர் என்பவர் பிரித்தானிய நத்தைகளை ஆராய்ந்து, சாக்சாட்டிலிஸ் என்ற ஒரே பெயரில் வழங்கியவற்றை ரூடிஸ், பட்டுலா, நைக்ரோலினியேட்டா, நெக்லெக்டா என நான்கு சிற்றினங்களாகப் பிரித்தார். 1978-இல் ஹன்னாஃபோர்ட் எல்லிஸ், லிட்டோரினா அர்கானா என்ற புதிய சிற்றினத்தை அறிமுகப்படுத்தினார். பின்னர் 1996-இல் டேவிட் ரீட் முழுப் பேரினத்தையும் ஆராய்ந்து வெளியிட்ட பெருநூல்தான் இன்றைய வகைப்பாட்டுக்கு அடிப்படை. அதன்படி இந்தக் கூட்டத்தில் மூன்று சிற்றினங்களே நிற்கின்றன: சாக்சாட்டிலிஸ், அர்கானா, கம்ப்ரெஸ்ஸா. நைக்ரோலினியேட்டா என்று பிரித்தானியர் நெடுங்காலம் அழைத்துவந்ததற்கு, 1865-இல் ஜெஃப்ரிஸ் வைத்த கம்ப்ரெஸ்ஸா என்ற பெயரே இப்போது செல்லும்.

கல்மீன் எழுதியது:

ஓட்டுச்சுருள் ஐயா, ஓடு தோற்றுப்போகிறது என்றால் அந்த மூன்றையும் எதை வைத்துப் பிரிக்கிறார்கள்? ஓடு மட்டுமே கையில் இருப்பவர் எந்த அளவுக்கு உறுதியாகப் பெயர் சொல்ல முடியும்?

நுண்ணோக்கி எழுதியது:

கல்மீன் அவர்களே, விடை பெண் நத்தையின் இனப்பெருக்க உறுப்பில் இருக்கிறது.

இந்த நத்தைகளில் ஆணும் பெண்ணும் தனித்தனி. கருவுறுதல் பெண்ணின் உடலுக்குள்ளேயே நடக்கிறது. அர்கானாவிலும் கம்ப்ரெஸ்ஸாவிலும் முட்டைகள் வெளிவரும் குழாயான அண்டநாளத்தின் முன்பகுதியில் கூழ்ச்சுரப்பி ஒன்று பெரிதாக வளர்ந்திருக்கும். முட்டைகள் அதன் வழியாக வரும்போது கூழால் சூழப்பட்டு ஒரு திரளாகி, பாறை இடுக்கில் ஒட்டப்படுகின்றன. சாக்சாட்டிலிஸில் அதே இடம் அடைகாக்கும் பையாக மாறியிருக்கிறது. முட்டைகள் தாயின் உடலை விட்டு வெளியேறுவதில்லை. பைக்குள்ளேயே வளர்ந்து, ஓடும் மூடியும் பெற்று, ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் அளவுள்ள முழு நத்தைகளாக வெளியே ஊர்ந்து வருகின்றன. முதிர்ந்த பெண்ணின் ஓட்டை உடைத்து, மென்போர்வையை விலக்கி, உருப்பெருக்கியின் கீழ் பார்த்தால், ஓடு உருவான குஞ்சுகள் பைக்குள் நெருக்கமாக அடைந்திருப்பதைக் காணலாம். அதைக் கண்டபின் ஐயத்துக்கு இடமே இல்லை.

ஆண்களின் நிலை கடினமானது. ஆணுறுப்பின் ஓரத்தில் உள்ள சுரப்பிகளின் எண்ணிக்கையும் அமைப்பும் ஓரளவு உதவுகின்றன. ஆனால் சாக்சாட்டிலிஸுக்கும் அர்கானாவுக்கும் இடையே அந்த அளவுகள் ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன. ஆகவே தனியொரு ஆணைக் கையில் வைத்துக்கொண்டு உறுதியாகச் சொல்வது மிக அரிது. இளம் நத்தைகளுக்கும் இதே நிலைதான். இன்னொரு இடையூறும் உண்டு. சில தட்டைப்புழுக்களின் இளநிலைகள் இந்த நத்தைக்குள் பெருகி, அதன் இனப்பெருக்கச் சுரப்பிகளை அழித்துவிடுகின்றன. அப்படித் தாக்குண்ட நத்தையில் நாம் தேடும் அடையாளமே சிதைந்திருக்கும்.

கம்ப்ரெஸ்ஸாவை ஓட்டை வைத்தே ஓரளவு அறியலாம். அதன் சுருள்மேடுகள் தட்டையாகவும் அகலமாகவும், இடைப்பள்ளங்கள் குறுகியும் இருக்கும். பள்ளங்களில் பெரும்பாலும் கருங்கோடுகள் ஓடும். அர்கானாவையும் சாக்சாட்டிலிஸையும் ஓட்டை மட்டும் வைத்துப் பிரிப்பவர் ஊகிக்கிறார் என்றே நான் கொள்வேன். இதைக் கண்டிப்பாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஓடு மட்டும் எஞ்சியுள்ள பழைய சேகரிப்புகளில் இருந்து எடுக்கப்படும் பரவல் வரைபடங்கள், இந்த ஊகத்தை உண்மைபோல் சுமந்துகொண்டு அடுத்த தலைமுறைக்குப் போகின்றன.

நெய்தல்நிலா எழுதியது:

நுண்ணோக்கி அவர்களுக்கு நன்றி. அடுத்த கட்டத்துக்குப் போகுமுன் இந்த நத்தையின் அன்றாட வாழ்வைப் பற்றியும் யாரேனும் எழுதினால் இழை முழுமை பெறும்.

பாறைவாசி எழுதியது:

சுருக்கமாகச் சொல்கிறேன். வயிற்றுக்காலிகளில் லிட்டோரினிடே குடும்பத்தைச் சேர்ந்தது இது. அக்குடும்பத்தில் ஏறத்தாழ 200 சிற்றினங்கள் உள்ளன. ஒரு வரிசைக்கு ஏழு பற்கள் வீதம் அமைந்த நீண்ட அரநாக்கால் பாறையின் மேற்பரப்பைச் சுரண்டி, அங்கே படர்ந்துள்ள டயாட்டம்களையும் நீலப்பச்சைப் பாசிகளையும் மற்ற நுண்பாசிகளையும் உண்கிறது. ஓதம் உயரும் எல்லைக்கு அருகிலும், அலைத்திவலை மட்டுமே எட்டும் மேற்கரையிலும்கூட வாழ்கிறது. நீர் வற்றும்போது உடலை உள்ளிழுத்து, கொம்புப்பொருளால் ஆன மூடியை இறுகச் சாத்தி, ஓட்டின் விளிம்பைச் சளியால் பாறையோடு ஒட்டிக்கொண்டு நாள்கணக்கில் காத்திருக்கும். உப்பு குறைந்த கழிமுகங்களையும் பொறுத்துக்கொள்ளும்.

இனச்சேர்க்கையில் ஒரு விந்தை உண்டு. இந்தப் பேரினத்தின் வேறு சில சிற்றினங்களில் ஆண், ஊர்ந்த தடத்தின் சளியைக் கொண்டே பெண்ணை அறிந்து பின்தொடர்கிறது. சாக்சாட்டிலிஸ் ஆண்களால் அப்படிப் பிரித்தறிய முடிவதில்லை. மிகுதியான புணர்ச்சியின் சுமையைத் தவிர்க்கும் பொருட்டுப் பெண் தன் சளியில் அந்த அடையாளத்தை இடுவதில்லை என்பது ஆய்வாளர்கள் தரும் விளக்கம். இருந்தும், 2010-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் பெண்களின் அடைகாக்கும் பையில் இருந்த குஞ்சுகளை மரபணு வழியாகச் சோதித்தபோது, ஒரே பெண்ணின் குஞ்சுகளுக்கு 15 முதல் 23 வரை தந்தையர் இருந்தது தெரிந்தது.

ஆழிமகன் எழுதியது:

இதுவரை வந்த விளக்கங்களை மதிக்கிறேன். ஆயினும் எல்லாவற்றையும் ஒரே பெயருக்குள் அடக்கியதில் எனக்கு உடன்பாடு இல்லை.

சுவீடனின் மேற்குக் கரையை எடுத்துக்கொள்வோம். பெருங்கற்கள் கிடக்கும் அமைதியான இடத்தில் பெரிய, தடித்த ஓடும் சிறிய வாயும் உடைய நத்தை வாழ்கிறது. அருகிலேயே அலை மோதும் செங்குத்துப் பாறையில் சிறிய, மெல்லிய ஓடும் அகன்ற வாயும் உடைய நத்தை வாழ்கிறது. முன்னது நண்டுகளுக்கு ஈடுகொடுக்கும் வகை, பின்னது அலைக்கு ஈடுகொடுக்கும் வகை. நடத்தையும் வேறு: சீண்டினால் நண்டு வகை நெடுநேரம் உள்ளே ஒடுங்கிக் கிடக்கும், அலை வகை விரைவில் வெளியே வந்து பாறையைப் பற்றிக்கொள்ளும். அளவு ஒத்தவை தமக்குள் கூடுவதே மிகுதி என்றும் நிறுவப்பட்டுள்ளது. வடிவம், நடத்தை, வாழிடம், துணைத்தேர்வு ஆகிய நான்கும் வேறுபட்ட பிறகு, குறைந்தது துணைச்சிற்றினம் என்ற தகுதியையாவது கொடுக்க வேண்டாமா? பெயர் இல்லாததைப் பாதுகாப்புச் சட்டங்களும் பட்டியல்களும் கண்டுகொள்வதில்லை. உவர்நீர்க் கழிகளில் மட்டும் வாழும் டெனிப்ரோசா வடிவத்துக்கு நேரக்கூடிய இழப்பு, சாக்சாட்டிலிஸ் எங்கும் மிகுதி என்ற ஒரு வரியில் மறைந்துபோகும்.

மரபிழை எழுதியது:

ஆழிமகன் அவர்களின் கேள்வி நேர்மையானது, அதற்கு உரிய மதிப்போடு விரிவாக விடை சொல்ல வேண்டும். அவர் விவரித்த வேறுபாடுகள் அனைத்தும் உண்மை. ஆனால் துணைச்சிற்றினம் என்ற பெயர் ஒரு வரலாற்றைக் குறிக்கிறது: அந்தப் பெயரைத் தாங்கும் நத்தைகள் எல்லாம் தமக்குள் நெருங்கிய உறவுடையவை, ஒரே கிளையிலிருந்து வந்தவை என்று அது சொல்கிறது. அந்த வரலாறு இங்கே இல்லை.

சுவீடனில் உள்ள இரு வகைகளையும், இங்கிலாந்தில் உள்ளவற்றையும், வடமேற்கு ஸ்பெயினின் கலீசியாவில் உள்ளவற்றையும் ஒப்பிட்ட மரபணு ஆய்வுகள், சுவீடனின் நண்டு வகைக்கு மிக நெருங்கிய உறவு கலீசியாவின் நண்டு வகை அன்று, அருகில் உள்ள சுவீடனின் அலை வகையே என்று காட்டின. 2014-இல் பட்லினும் அவருடன் பணியாற்றியவர்களும் வெளியிட்ட பகுப்பாய்வும், வகைகள் ஒருமுறை தோன்றி எங்கும் பரவின என்பதைவிட, இடந்தோறும் தனித்தனியே பிரிந்தன என்பதற்கே ஆதரவாக அமைந்தது. நண்டு வகைக்கெல்லாம் ஒரு பெயர் வைத்தால், உறவால் இணையாதவற்றை ஒரே பெயரால் இணைத்தவர்கள் ஆவோம். இடந்தோறும் தனிப்பெயர் வைத்தால், ஒவ்வொரு விரிகுடாவுக்கும் இரண்டு பெயர் என்று 113-ஐத் தாண்டிப் போய்க்கொண்டே இருப்போம்.

கலீசியாவைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் அங்கே அமைப்பே மாறுகிறது. சுவீடனில் ஓதத்தின் ஏற்றிறக்கம் மிகக் குறைவு. ஆகவே இரு வகைகளும் கரையின் நீளவாக்கில், கல் கிடக்கும் இடம், பாறை நிற்கும் இடம் என்று பக்கம் பக்கமாகப் பிரிந்துள்ளன. கலீசியாவில் ஓதம் பெரிது. அங்கே ஒரே பாறையின் மேல்பகுதியில் கொட்டலசுகளுக்கிடையே வரிமேடும் பட்டையும் கொண்ட பெரிய நண்டு வகையும், கீழ்ப்பகுதியில் சிப்பிப் படுகைகளுக்கிடையே மழமழப்பான, பட்டையற்ற சிறிய அலை வகையும் வாழ்கின்றன. தாக்கும் நண்டுகூட வேறு. வடக்கே அது கார்சினஸ் மேனாஸ் என்னும் கரை நண்டு, ஸ்பெயினில் பாக்கிகிராப்சஸ் மார்மொரேட்டஸ். காரணங்களின் விவரம் இவ்வளவு வேறுபட்டும், விளைந்த ஓட்டின் வடிவம் ஒத்திருக்கிறது.

இரு வகைகளும் சந்திக்கும் இடத்தில் கலப்பினங்கள் பிறக்கின்றன, வாழ்கின்றன, பெருகுகின்றன. மரபணு ஓட்டம் நிற்கவில்லை. அப்படியானால் வேறுபாடு கரைந்துபோகாமல் எப்படி நிற்கிறது? ஒரு பகுதி விடை, ஒவ்வொரு தலைமுறையிலும் நண்டும் அலையும் செய்யும் கடுமையான தேர்வு. மறுபகுதி குரோமோசோம்களில் இருக்கிறது. இந்த நத்தைக்கு 17 இணைக் குரோமோசோம்கள் உள்ளன. 2018-க்குப் பிறகு வெளிவந்த ஆய்வுகளில், அவற்றின் பத்துக்கும் மேற்பட்ட பெரும்பகுதிகள் சில நத்தைகளில் தலைகீழாகத் திரும்பி அமைந்திருப்பது தெரியவந்தது. அவ்வாறு திரும்பிய பகுதியும் திரும்பாத பகுதியும் ஒரே நத்தையில் இணையாக அமையும்போது அவற்றுக்கிடையே மரபணு மறுசேர்க்கை பெரிதும் தடைபடுகிறது. ஆகவே அந்தப் பகுதிக்குள் உள்ள பல மரபணுக்கள், கட்டிவைத்த மூட்டையைப் போல, சிதறாமல் ஒன்றாகவே அடுத்த தலைமுறைக்குச் செல்கின்றன. ஒரே நத்தைக்கூட்டத்துக்குள் இரு வடிவங்களும் இருப்பில் இருக்கின்றன. எந்த இடத்தில் எது மிகுதியாகிறது என்பதைச் சூழலே தீர்மானிக்கிறது.

இதற்கு நேரடிச் சான்றாக அமைந்தது சுவீடனின் மேற்குக் கரையை ஒட்டிய கோஸ்டர் தீவுக்கூட்டத்தில் நடந்த சோதனை. 1988-இல் அங்கே நச்சுப்பாசிப் பெருக்கம் ஒன்று நேர்ந்து, கடல்மட்டத்தை ஒட்டிய சிறு பாறைத்திட்டுகளில் இருந்த நத்தைகள் அழிந்தன. 1992-இல் கெர்ஸ்டின் யோஹான்னெசன் என்னும் ஆய்வாளர், முன்பு அலை வகை வாழ்ந்த அத்தகைய திட்டு ஒன்றில் 700 நண்டு வகை நத்தைகளைக் கொண்டுபோய் விட்டார். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழித்து, அந்தத் திட்டில் உள்ள நத்தைகள் அளவிலும் வடிவத்திலும் நிறத்திலும் அலை வகையை நெருங்கிவிட்டன. தலைகீழ்த் திருப்பங்களின் விகிதமும் எதிர்பார்த்த திசையிலேயே மாறியிருந்தது. இதன் முடிவுகள் 2024-இல் வெளிவந்தன. கொண்டுவந்த நத்தைகளுக்குள் முன்பே இருந்த மரபு வேறுபாடும், பக்கத்துத் திட்டுகளில் இருந்து வந்துசேர்ந்த மரபணுக்களும் இந்த மாற்றத்துக்குப் போதுமானவையாக இருந்தன. ஒரு மனிதரின் பணிக்காலத்துக்குள் ஒன்று மற்றொன்றாக மாறக்கூடிய இரண்டுக்கு எப்படி இரண்டு சிற்றினப் பெயர்களையோ துணைச்சிற்றினப் பெயர்களையோ கொடுப்பது?

ஆழிமகன் எழுதியது:

மரபிழை அவர்களே, கோஸ்டர் சோதனையை நீங்கள் விளக்கிய விதம் எனக்கு மிகவும் பயன்பட்டது. துணைச்சிற்றினம் என்ற கோரிக்கைக்கு அது வலுவான எதிர்வாதம் என்பதை ஏற்கிறேன். ஆனால் உங்கள் வாதத்தை இன்னும் ஓர் அடி முன்னே கொண்டுசெல்கிறேன். அர்கானாவும் சாக்சாட்டிலிஸும் ஓட்டால் பிரிவதில்லை, ஆண்களால் பிரிவதில்லை, ஒரே பாறையில் வாழ்கின்றன. அவற்றுக்கிடையே கலப்பு நடந்ததற்கான மரபணுச் சான்றும் இருக்கிறது. பெண்ணின் ஓர் உறுப்பு மட்டும் வேறு. அப்படியானால் அர்கானா மட்டும் எந்த அடிப்படையில் சிற்றினமாக நிற்கிறது? குட்டி ஈனுவதும் முட்டை இடுவதும்கூட ஒரே சிற்றினத்தின் இரு வகைகளாக இருக்கக் கூடாதா?

கல்மீன் எழுதியது:

ஆழிமகன் ஐயாவின் கேள்வியே என் மனத்திலும் எழுந்தது. மேலும் ஒன்று கேட்கிறேன். குட்டி ஈனுவது இந்தச் சிறு நத்தைக்கு என்ன நன்மை தருகிறது? லார்வாக்கள் என்னும் மிதக்கும் இளம்பருவ உயிர்களைக் கடலில் அனுப்பும் நத்தைகள் தொலைதூரம் பரவ முடியுமே, தன் வாழ்நாளில் சில மீட்டர் மட்டும் ஊரும் இது எப்படி இவ்வளவு பரந்த பெருங்கடலின் இரு கரைகளையும் பிடித்தது?

ஓட்டுச்சுருள் எழுதியது:

கல்மீன் அவர்களின் இரண்டாம் கேள்விக்கு நான் விடை சொல்கிறேன், முதலாவதை மரபிழை அவர்களுக்கு விட்டுவிடுகிறேன்.

வடகிழக்கு அட்லாண்டிக்கில் ராக்கால் என்னும் தனிப்பாறை ஒன்று நிற்கிறது. அது 17 மீட்டர் உயரமே உடையது. மிக அருகில் உள்ள நிலமான செயின்ட் கில்டா தீவுக்கூட்டமே ஏறத்தாழ 300 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. லிட்டோரினா லிட்டோரியா என்னும் பெரிய உறவினத்தின் லார்வாக்கள் வாரக்கணக்கில் கடலில் மிதந்து திரிகின்றன. ராக்காலில் அது இல்லை, மிதக்கும் பருவமே இல்லாத சாக்சாட்டிலிஸ் இருக்கிறது. இந்த முரணை 1988-இல் யோஹான்னெசன் எடுத்துப் பேசினார். அவர் தந்த விளக்கம் எளிமையானது. மிதக்கும் லார்வா ஒன்று தொலைவான பாறையை அடைந்தாலும், துணை கிடைத்தால்தான் அடுத்த தலைமுறை உண்டு. அப்படி இனம் பெருக்கினாலும் பிறந்த லார்வாக்களை நீரோட்டம் அந்தச் சிறு பாறையில் இருந்து அடித்துச் சென்றுவிடும். சாக்சாட்டிலிஸில் மிதக்கும் பாசித்துண்டையோ கட்டையையோ பற்றிக்கொண்டு கருவுற்ற ஒரே ஒரு பெண் வந்துசேர்ந்தால் போதும். அவளுடைய பையில் பல தந்தையரின் குஞ்சுகள் இருக்கும். பிறந்தவை பிறந்த இடத்திலேயே தங்கும். தீவுகளைப் பிடிப்பதற்கு இதைவிடத் தகுந்த வழி இல்லை.

மனிதர்களும் இதைப் பரப்பியிருக்கிறார்கள். தூண்டில் புழுக்களைப் பாசியில் பொதிந்து வட அமெரிக்காவின் கிழக்குக் கரையில் இருந்து அனுப்பியபோது, அந்தப் பாசியோடு சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவுக்கு இந்த நத்தை வந்துசேர்ந்து, 1990-களில் அங்கே நிலைகொண்டது கண்டறியப்பட்டது. தென்னாப்பிரிக்காவின் லாங்கெபான், நைஸ்னா உப்பங்கழிகளிலும் இது வாழ்கிறது.

மரபிழை எழுதியது:

ஆழிமகன் அவர்கள் வைத்த கேள்விக்கு 2024-இல் ஸ்டான்கோவ்ஸ்கியும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட ஆய்வு நேரடியாகப் பொருந்துகிறது. முட்டையிடும் நத்தைகளையும் குட்டி ஈனும் நத்தைகளையும் பல இடங்களில் சேகரித்து, நூற்றுக்கும் மேற்பட்டவற்றின் முழு மரபணுத்தொகையை வரிசைப்படுத்தி உறவுமரம் வரைந்தார்கள். முழுத் தொகையையும் வைத்து வரைந்த மரத்தில், குட்டி ஈனுபவை ஒரு கிளையாகவும் முட்டையிடுபவை மற்றொரு கிளையாகவும் பிரியவில்லை. ஆழிமகன் அவர்கள் இதைத் தம் பக்கத்துச் சான்றாகவே எடுத்துக்கொள்ளலாம்.

ஆனால் தொகையைச் சிறு துண்டுகளாகப் பிரித்துத் துண்டுக்கு ஒரு மரம் வரைந்தபோது வேறொன்று தெரிந்தது. ஏறத்தாழ ஐம்பது சிறு பகுதிகளில், எந்தக் கரையைச் சேர்ந்ததாயினும், குட்டி ஈனும் நத்தைகள் அனைத்தும் ஒரே மரபுவடிவத்தைக் கொண்டிருந்தன. அப்பகுதிகளில் இயற்கைத் தேர்வின் தடயம் இருந்தது. முட்டையிடும் உறுப்பிலும் அடைகாக்கும் உறுப்பிலும் வேறுபட்ட அளவில் செயல்படும் மரபணுக்கள் அங்கே மிகுதியாக இருந்தன. இந்த மாற்றம் ஏறத்தாழ கடந்த ஒரு லட்சம் ஆண்டுகளுக்குள் படிப்படியாக நடந்தது என்று கணித்துள்ளார்கள்.

நண்டு, அலை வகைகளோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கே வேறுபாடு இடந்தோறும் தனித்தனியே எழுகிறது, முப்பது ஆண்டுகளில் புரண்டும் போகிறது, இடைநிலைகள் ஏராளம். இங்கே ஐம்பது பகுதிகளும் சாக்சாட்டிலிஸ் பரவிய எல்லா இடங்களிலும் ஒன்றாகவே நிற்கின்றன. ஒரே பாறையில் பக்கத்துப் பக்கத்தில் வாழ்ந்தும், எப்போதாவது கலந்தும், அந்தத் தொகுப்பு சிதையவில்லை. கலப்பையும் தாங்கித் தன்னைத் தக்கவைத்துக்கொள்ளும் தொகுப்பு என்பதே சிற்றினத்துக்கு நான் கேட்கும் தகுதி. அர்கானாவும் சாக்சாட்டிலிஸும் அந்தத் தகுதியைப் பெறுகின்றன. அலை வகை பெறவில்லை.

நன்மை என்ன என்று கல்மீன் அவர்கள் கேட்டார்கள். பாறையில் ஒட்டிய கூழ்த்திரள் வெயிலில் உலரலாம், மழைநீரில் கெடலாம், அலையில் பிய்ந்துபோகலாம், உண்ணப்படலாம். தாயின் பைக்குள் இருக்கும் கரு, தாய் நகரும் இடமெல்லாம் நகர்ந்து, அவள் மூடியைச் சாத்தும்போது தானும் காக்கப்படுகிறது. முட்டையிடும் அர்கானா பிரிட்டன், அயர்லாந்து, வடபிரான்ஸ், நார்வே என்ற எல்லைக்குள் பெரும்பாலும் அடங்கியிருக்க, சாக்சாட்டிலிஸ் உவர்க்கழியிலும் சதுப்பிலும் அட்லாண்டிக்கின் மறுகரையிலும் வாழ்வதற்கு இது முக்கியமான காரணமாக இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

ஆழிமகன் எழுதியது:

நன்றி. சிற்றினத்துக்கு நீங்கள் வைத்த அளவுகோலை ஏற்றுக்கொள்கிறேன், அதன்படி டெனிப்ரோசாவும் நெக்லெக்டாவும் சாக்சாட்டிலிஸுக்குள் அடங்குவதையும் ஏற்கிறேன். ஆனால் பாதுகாப்பைப் பற்றிய என் கவலை அப்படியே நிற்கிறது. பெயரைக் கொடுக்காவிட்டாலும், எந்த வாழிடத்தில் எந்த வடிவம் இருந்தது என்ற பதிவு அழியக் கூடாது.

நுண்ணோக்கி எழுதியது:

அந்தக் கவலையில் நான் முழுமையாக உங்களோடு நிற்கிறேன். பழைய பெயர்களை இணைப்பெயர்கள் என்று தள்ளிவிட்டபோது, அவற்றோடு ஒட்டியிருந்த அவதானிப்புகளும் பல இடங்களில் தள்ளப்பட்டன. கொட்டலசுக் கூட்டுக்குள் வாழும் சிறு வடிவம் தனிச் சிற்றினம் இல்லாமல் போகலாம். அது அவ்வளவு சிறிய அளவிலேயே முதிர்ந்து இனம் பெருக்குகிறது என்பது உண்மையான உயிரியல் செய்தி.

வெனிஸைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பெயரிடும் விதிகளில் முந்தைய பெயருக்கே முன்னுரிமை என்பதால், ஒலிவியின் பெயர் நிலைத்தது. ஆகவே இந்தச் சிற்றினத்தின் மூல இடம், அதாவது பெயருக்கு அடிப்படையான மாதிரிகள் கிடைத்த இடம், வெனிஸ் உப்பங்கழி. ஆனால் மத்தியதரைக் கடலின் மற்றக் கரைகளில் காணப்படாத, முதன்மைப் பரவலில் இருந்து வெகுதொலைவில் தனித்து நிற்கும் கூட்டம் அது. சிற்றினத்தின் பெயரைத் தாங்கும் கூட்டமே அதன் இயல்பை மிகக் குறைவாகக் காட்டும் கூட்டமாக அமைந்துவிட்டது. ரூடிஸ் என்ற பெயர் பிரித்தானிய நூல்களில் அவ்வளவு காலம் உயிரோடு இருந்ததற்கு இந்தத் தொலைவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

நெய்தல்நிலா எழுதியது:

அனைவருக்கும் நன்றி. நாம் இங்கே தொகுத்துவரும் இனப்பட்டியலில் இந்த நத்தைக்கான பதிவைப் பின்வருமாறு எழுத எண்ணியுள்ளேன். பெண்ணின் அடைகாக்கும் பையை நேரில் கண்டு உறுதி செய்த மாதிரிகளுக்கு மட்டும் லிட்டோரினா சாக்சாட்டிலிஸ் என்ற பெயர் தனித்து நிற்கும். ஓடு மட்டும் உள்ளவற்றையும் ஆண்களையும் இளம் நத்தைகளையும், அர்கானா வாழும் பகுதிகளில் இருந்து வந்தவை என்றால், சாக்சாட்டிலிஸ் அல்லது அர்கானா என்றே குறிப்போம். மாதிரியோடு வந்த பழைய சீட்டில் உள்ள ரூடிஸ், டெனிப்ரோசா, நெக்லெக்டா போன்ற பெயர்களை அடிக்காமல், சீட்டில் கண்டபடி என்ற தலைப்பின் கீழ் அப்படியே வைப்போம். கரையில் எந்த உயரம், கல்லா பாறையா கழியா, அருகே கொட்டலசா சிப்பியா என்ற விவரங்களுக்குத் தனிக்கட்டங்கள் சேர்க்கிறேன். ஆழிமகன் அவர்கள் விரும்பினால் உவர்நீர்க் கழி வடிவங்களுக்கான கட்டத்தில் என்னென்ன குறிக்க வேண்டும் என்று எழுதித் தாருங்கள், அதையும் இணைத்துவிடுகிறேன்.

ஆழிமகன் எழுதியது:

எழுதித் தருகிறேன். நீரின் உப்பளவு, கழிக்குக் கடலோடு தொடர்பு உண்டா, ஓட்டின் தடிப்பு, நத்தை பாறையில் இருந்ததா மிதக்கும் பாசியில் இருந்ததா ஆகிய நான்கும் முதலில் வேண்டும்.